எண்ணெய் கண்ணில் பட்ட டர்ன்

ஒரு சேவ் ஃபைலை ஒன்றரை வருடமாக அழிக்காமல் வைத்திருக்கிறேன். ஒரு நாட்டை ஆதிகாலத்திலிருந்து முறை முறையாக வளர்த்துக்கொண்டு வரும் கணினி விளையாட்டான சிவிலைசேஷன் 6, நான் எடுத்த நாடு கொரியா, 209ஆவது டர்ன், அதாவது என்னுடைய 209ஆவது முறை. அதற்குப் பிறகு எத்தனையோ ஆட்டங்கள் ஆடிவிட்டேன், கணினியே ஒருமுறை மாறிவிட்டது. இந்த ஒரு ஃபைலை மட்டும் பழைய கணினியிலிருந்து எடுத்துப் பத்திரமாக வைத்துக்கொண்டேன். அந்த ஆட்டத்தில் நான் ஜெயித்தேன். ஆனால் ஜெயித்த நாளிலிருந்தே அது என்னை உறுத்திக்கொண்டிருக்கிறது. ஏன் என்று எழுதிப் பார்த்தால் தெளியுமோ என்றுதான் எழுதுகிறேன்.

சிவ் ஆடுபவர்களுக்கு 'இன்னும் ஒரே ஒரு டர்ன்' பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. இரவு பதினொன்றுக்கு நிறுத்தப்போன ஆட்டம் விடியற்காலை மூன்றுக்கு நிற்பது எல்லோருக்கும் நடந்ததுதான். இதை மனக்கட்டுப்பாடு இல்லாததால் வருவது என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. நிறுத்துவதற்கு ஒரு நல்ல இடத்தை அந்த ஆட்டம் தருவதே இல்லை. ஒரு நகரத்தில் நூலகம் முடிய மூன்று டர்ன் இருக்கும். சரி, அது முடியட்டும் என்று உட்கார்ந்தால், அதற்குள் ஓர் ஆராய்ச்சி முடிந்து புதிதாக ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும். அதைத் தேர்ந்தெடுத்தால், அடுத்த டர்னில் குடியேறிகள் கடற்கரையை அடைந்துவிடுவார்கள். நகரம் வைக்காமல் எப்படிப் படுப்பது? வைத்தால் அந்தப் புது நகரம் முதலில் என்ன கட்ட வேண்டும் என்று கேட்கும். ஒரு நூல் முடியும் இடத்தில் இன்னொரு நூல் பாதியில் இருக்கும். நெசவு மாதிரி. எங்கே கத்தரித்தாலும் ஏதோ ஓர் இழை அறுகிறது.

இன்னொன்றும் இருக்கிறது. ஆட்டத்தின் முதல் 75 டர்ன்கள், ஒவ்வொன்றும் 40 வருடம். கி.மு. 4000இலிருந்து கி.மு. 1000 வரை ஒரு மணி நேரத்துக்குள் ஓடிவிடும். அப்புறம் ஒரு டர்ன் 25 வருடமாகிறது, 20 ஆகிறது, 10 ஆகிறது, 5 ஆகிறது. கடைசி அறுபது டர்ன்களில் ஒவ்வொன்றும் வெறும் அரை வருடம். ஆட்டத்தின் காலம் சுருங்கச் சுருங்க, நான் ஒரு டர்னுக்குச் செலவிடும் நேரம் நீண்டுகொண்டே போகும். தொடக்கத்தில் நாற்பது வருடத்தைப் பத்து வினாடியில் கடந்த நான், பின்னால் ஒரே வருடத்துக்குள் பத்து நிமிடம் தங்கியிருப்பேன். வரலாறும் நமக்கு இப்படித்தானே கிடைத்திருக்கிறது? பழைய ஆயிரம் வருடங்கள் ஒரு பத்தியில் முடிந்துவிடுகின்றன. நேற்று நடந்தது புத்தகம் புத்தகமாக நிற்கிறது. இந்த அமைப்பை யோசித்தவர்கள்மேல் எனக்கு உண்மையான மரியாதை உண்டு.

அன்றைக்கும் நிறுத்தத்தான் போனேன். 209ஆவது டர்ன் வந்ததும் சேவ் செய்துவிட்டேன். கொரியாவை எடுத்தால் அறிவியல் வழியில் போவதுதான் வழக்கம், நானும் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தேன். படை என்று பெயருக்குத்தான் இருந்தது. எல்லா நகரத்திலும் கல்விக்கூடம், விண்வெளிக்கு யாரையும்விட முன்னால் போய்ச் சேர்ந்துவிடலாம் என்ற நம்பிக்கை. அந்த டர்னில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆராய்ச்சி முடிந்திருந்தது. ஆட்டத்தின் கணக்கில் அப்போது ஏறத்தாழ கி.பி. 1500. அந்த ஆராய்ச்சி முடிந்தவுடன்தான், அதுவரை வெறும் சதுப்பாகவும் பாலையாகவும் தெரிந்த நிலத்தில் எண்ணெய் இருக்கும் இடங்கள் மேப்பில் தெரிய ஆரம்பிக்கும். மூடுவதற்கு முன் சும்மா ஒருமுறை மேப்பை இழுத்துப் பார்த்தேன்.

என் நாட்டில் ஒன்றுகூட இல்லை. மேற்கே, டச்சு எல்லைக்குள், ராட்டர்டாம் நகரத்தை ஒட்டிய சதுப்பு நிலத்தில் அடுத்தடுத்து இரண்டு.

பன்னிரண்டு டர்ன்

டச்சு அரசி வில்ஹெல்மினா அந்த ஆட்டத்தில் என் நெருங்கிய நண்பர். அவருக்கு எது பிடிக்கும் என்பது ஆடியவர்களுக்குத் தெரியும். அவர் நாட்டுக்கு வணிகர்களை அனுப்பினால் போதும், மகிழ்ந்துபோவார். நான் ஆரம்பத்திலிருந்தே அனுப்பிக்கொண்டிருந்தேன். அவரும் அனுப்பினார். எங்களுக்குள் நட்பு அறிவிப்பு மூன்று முறை புதுப்பிக்கப்பட்டிருந்தது. ஒரு முறை அறிவித்தால் 30 டர்ன், அதுவரை ஒருவர்மேல் ஒருவர் போர் தொடுக்க முடியாது. மேற்கு எல்லையில் நான் ஒரு மதில்கூடக் கட்டவில்லை. கட்டத் தேவையே இருக்கவில்லை.

எண்ணெயைப் பார்த்த பிறகு நான் கணினியை மூடவில்லை. நட்பு முடிய எத்தனை டர்ன் பாக்கி என்று பார்த்தேன். பன்னிரண்டு.

அந்தப் பன்னிரண்டு டர்ன்தான் எனக்கு இன்றைக்கும் ஞாபகத்தில் இருக்கிறது. பல்கலைக்கழகம் கட்டிக்கொண்டிருந்த இரண்டு நகரங்களில் வேலையை நிறுத்திவிட்டுப் பீரங்கிக்கு மாற்றினேன். வெடியுப்பு கையிருப்பில் இருந்தது, குதிரைகளும் இருந்தன. செய்த படையை உடனே எல்லைக்கு அனுப்பினால் தெரிந்துவிடும் என்று உள்நாட்டிலேயே, மலைக்குப் பின்னால் நிறுத்திவைத்தேன். இடையில் ஒரு வணிகரின் பயணம் முடிந்து, அடுத்து எங்கே அனுப்பலாம் என்று ஆட்டம் கேட்டது. மறுபடியும் ராட்டர்டாமுக்கே அனுப்பினேன். சந்தேகம் வரக்கூடாது என்பதற்காக. எதிரில் இருந்தது ஒரு கணினி நிரல். அதற்கு ஒன்றும் சந்தேகம் வரப்போவதில்லை, அது எனக்கும் தெரியும். ஆனாலும் அனுப்பினேன். கூடவே இருந்து குழி பறிப்பது என்று சொல்வோமே, அதை நான் எவ்வளவு பொறுமையாகச் செய்தேன் என்பதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

221ஆவது டர்னில் அவர் முகம் திரையில் வந்தது. நட்பைப் புதுப்பிக்கலாமா என்று கேட்டார். இந்த ஆட்டத்தில் ஒவ்வொரு தலைவரும் தங்கள் மொழியிலேயே பேசுவார்கள், அவர் டச்சில் பேசினார். மூன்று முறை 'சரி' என்று அழுத்திய அதே இடத்தில் இந்த முறை 'வேண்டாம்' என்று அழுத்தினேன். அடுத்து அவரைக் கண்டித்து அறிக்கை. அது முறைப்படி போர் தொடுப்பதற்காக. ஐந்து டர்ன் காத்திருந்தால் உலகத்தின் பார்வையில் என் தவறு கொஞ்சம் குறைவாகத் தெரியும். அந்த ஐந்து டர்னும் என் வணிகர்கள் அவர் நாட்டுக்குப் போய்க்கொண்டுதான் இருந்தார்கள்.

226ஆவது டர்னில் போர் அறிவித்தேன். படையை நகர்த்தும்போதுதான் கவனித்தேன். பீரங்கிகளை இழுத்துக்கொண்டு போக ஒரு நல்ல சாலை இருந்தது. அதை நான் போடவில்லை. இந்த ஆட்டத்தில் வணிகர்கள் நடந்துபோகும் வழியெல்லாம் தானாகவே சாலை உருவாகும். நூறு டர்னுக்கு மேலாக அவர்கள் போய்வந்து போட்ட சாலை அது. மலையடிவாரத்தில் வளைந்து, ஆற்றைக் கடந்து, நேராக ராட்டர்டாம் வாசலில் போய் முடியும். அதன்மேல் நான்கு பீரங்கிகள் வரிசையாக நின்றன. சாலை இல்லையென்றால் அந்த மலைச்சரிவைக் கடப்பதற்குள் பாதிப் படை போயிருக்கும். மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் அடுத்த டர்னுக்குப் போனேன்.

ராட்டர்டாம் நான்கு டர்னில் விழுந்தது. வைத்துக்கொள்வதா, தரைமட்டமாக்குவதா என்று ஆட்டம் கேட்டது. வைத்துக்கொண்டேன். ஆனால் பிடித்த நகரம் அவ்வளவு சுலபமாக நம்முடையதாகிவிடாது. சுற்றியிருக்கும் நகரங்களின் மக்கள்தொகை அதை அவர்கள் பக்கம் இழுத்துக்கொண்டே இருக்கும், விசுவாசம் டர்னுக்கு டர்ன் இறங்கும். ஆளுநரை அனுப்பியும் தாங்கவில்லை. ராட்டர்டாம் என்னிடம் நிலைக்க வேண்டுமென்றால் பக்கத்து யூட்ரெக்ட் டச்சுக்காரர்களிடம் இருக்கக்கூடாது. யூட்ரெக்டைப் பிடித்தால் ஆம்ஸ்டர்டாம் இழுக்கும். இப்படியே போய் 241ஆவது டர்னில் வில்ஹெல்மினாவின் கடைசி நகரமும் விழுந்தது. இரண்டு எண்ணெய்க் கிணறுக்காக ஆரம்பித்தது ஒரு நாடே இல்லாமல் போவதில் முடிந்தது. நடுவில் எந்த இடத்திலும் நான் பேராசைப்பட்டதாக எனக்குத் தோன்றவில்லை. ஒவ்வொரு அடியும் அதற்கு முந்தைய அடியால் தவிர்க்க முடியாததாகத்தான் தெரிந்தது.

ஆட்டம் முடிந்து, விண்கலம் போய், வெற்றித் திரை வந்த பிறகு ஒரு விஷயத்தைப் பார்த்தேன். அந்த எண்ணெயில் பெரும்பகுதி செலவாகவே இல்லை. சேமிப்பு நிரம்பி அப்படியே கிடந்தது. அறிவியல் வெற்றிக்கு அது எனக்குத் தேவைப்படவே இல்லை. 209ஆவது டர்னில் எனக்குள் எழுந்தது தேவை இல்லை. 'என்னிடம் இல்லை' என்ற பயம். அது தேவை மாதிரியே உடுத்திக்கொண்டு வந்தது, நானும் நம்பிவிட்டேன்.

பாலெம்பாங்

அதன் பிறகுதான் உண்மையான வில்ஹெல்மினாவைப் பற்றிப் படித்தேன். 1890இல் பத்து வயதில் அரசியானவர். 1898 வரை அவருடைய தாய் எம்மா பொறுப்பில் இருந்தார். 1948இல் வில்ஹெல்மினா தன் மகளுக்கு அரியணையை விட்டுக்கொடுத்தார். 1940இல் ஜெர்மனி படையெடுத்தபோது லண்டனுக்குப் போய், அங்கிருந்து வானொலியில் தன் மக்களோடு பேசியவர். அந்தக் காலத்தில் இன்றைய இந்தோனேசியா டச்சுக் காலனி, அங்கே சுமத்ராவில் எண்ணெய். ஜப்பானோ தன் எண்ணெய்த் தேவையில் ஏறத்தாழ 80 விழுக்காட்டுக்கு அமெரிக்காவை நம்பியிருந்தது. 1940 செப்டம்பரிலிருந்து படேவியாவில், அதாவது இன்றைய ஜகார்த்தாவில், டச்சு அதிகாரிகளோடு மாதக்கணக்கில் பேசியது. 1941 ஜூனில் பேச்சு முறிந்தது. அதே வருடம் ஜூலை, ஆகஸ்டில் அமெரிக்காவும் பிரிட்டனும் டச்சு அரசும் எண்ணெயை அடைத்தன. 1942 பிப்ரவரி 14 அன்று சுமத்ராவின் பாலெம்பாங்கில், எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளைப் பிடிக்க ஜப்பானியப் படையினர் பாராசூட்டில் இறங்கினார்கள்.

படித்துவிட்டு நான் வெகுநேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். விளையாட்டில் நான் செய்ததை, அதே அரசியின் ஆட்சியில், வேறு ஒருவர் உண்மையிலேயே செய்திருந்தார். ஜப்பானின் போரை நான் எந்த விதத்திலும் நியாயப்படுத்தவில்லை. ஆனால் அவர்கள்கூடப் பேசிப் பார்த்திருக்கிறார்கள். நான் பேரம் பேசும் திரையைத் திறக்கவே இல்லை. இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். சுமத்ராவின் எண்ணெய் வில்ஹெல்மினாவுக்கும் சொந்தமில்லை. அந்தக் கணக்கில் சுமத்ரா மக்களை யாருமே கேட்கவில்லை.

ஆட்டத்திலும் அப்படித்தான். 14ஆவது டர்னிலோ என்னவோ, அந்தச் சதுப்புக்குப் பக்கத்துக் கட்டத்தில் ஒரு பழங்குடிக் கிராமம் இருந்தது. என் ஒற்றன் உள்ளே போனான், கொஞ்சம் பொன் கிடைத்தது, கிராமம் மேப்பிலிருந்து மறைந்தது. அங்கே இருந்தவர்கள் எங்கே போனார்கள் என்று இத்தனை வருடத்தில் நான் ஒருமுறைகூட நினைத்ததில்லை. 2018இல் கனடாவின் பூர்வகுடிகளான கிரீ மக்களை இந்த ஆட்டத்தில் ஒரு நாடாகச் சேர்த்தபோது, பவுண்ட்மேக்கர் கிரீ சமூகத்தின் தலைவர்களில் ஒருவர் வெளிப்படையாக ஆட்சேபித்தார். பிறர் நிலத்தைப் பிடிப்பதுதான் எல்லோருக்கும் குறிக்கோள் என்ற காலனியப் பார்வையைத் தங்கள் முன்னோர்மேலும் ஏற்றுகிறது இந்த ஆட்டம் என்றார். அந்தச் செய்தியைப் படித்தபோது, விளையாட்டுதானே, எதற்கு இவ்வளவு பெரிதாக்குகிறார் என்று நினைத்தவன் நான். அவர் சொன்னது சரி.

பாலெம்பாங் என்ற பெயரை எங்கோ பார்த்த மாதிரி இருந்தது. சுமத்ராவில் இருந்த பழைய கடல் வணிக அரசான ஸ்ரீவிஜயத்தின் மையம் அதுதான். 1025இல் ராஜேந்திர சோழனின் கப்பற்படை போன ஊர். 'கடாரம் கொண்டான்' என்று சிறு வயதில் எவ்வளவு பெருமையோடு படித்திருப்பேன்! அலைகடல் நடுவே பல கலங்களைச் செலுத்தி, ஸ்ரீவிஜய மன்னனைப் பிடித்து, அவன் நகர வாயிலின் வித்யாதரத் தோரணத்தையும் கைப்பற்றியதாக ராஜேந்திரனின் கல்வெட்டுப் புகழுரையான மெய்க்கீர்த்தி பாடும். 2025இல் வந்த சிவிலைசேஷன் 7இல் சோழர்கள் இருக்கிறார்கள் என்று கேட்டவுடன் நான் அடைந்த சந்தோஷத்தையும் மறைக்க விரும்பவில்லை.

ஆனால் அதற்கு முந்தைய பக்கம் ஒன்று உண்டு. நான் கவனிக்காமலேயே தாண்டிப்போன பக்கம். ஸ்ரீவிஜய மன்னன் நாகப்பட்டினத்தில் சூளாமணி விகாரம் என்ற பௌத்தப் பள்ளியைக் கட்டினான். ராஜராஜன் அதற்கு ஆனைமங்கலம் என்ற ஊரைக் கொடையாக அளித்தான். இரண்டு அரசுகளும் வணிகத்தால் நெருங்கியிருந்த காலம். தந்தை இறந்த பிறகு அந்தக் கொடையை உறுதிசெய்து செப்பேட்டில் பொறிக்க வைத்தது யார் தெரியுமா? ராஜேந்திரன்தான். நட்பைப் புதுப்பித்த அதே அரசன், ஏறத்தாழ பத்தாண்டுகளில் அந்த நண்பன்மேல் கப்பல்களை அனுப்பினான். ஏன் என்பதற்கு ஆய்வாளர்கள் பல காரணங்கள் சொல்கிறார்கள். சீனத்துக்குப் போகும் கடல்வழி வணிகம் அதில் முக்கியமானது. அந்தச் செப்பேடுகளுக்கு லெய்டன் செப்பேடுகள் என்றே பெயர், அவை போய்ச் சேர்ந்த நெதர்லாந்து நகரத்தின் பெயரால்.

ராஜேந்திரன்மேல் எனக்கு இருந்த வியப்பு குறைந்துவிட்டதா என்றால், இல்லை. அவ்வளவு தூரம் கடலைக் கடந்தவர்களின் திறமையை நான் எப்படிக் குறைக்க முடியும்? ஆனால் இப்போது அந்த மெய்க்கீர்த்தியைப் படிக்கும்போது கப்பல்கள் மட்டும் தெரிவதில்லை. அந்தக் கப்பல்கள் போன வழியும் தெரிகிறது. அது வணிகர்கள் போய்ப் போய்ப் பழகிய வழி. எந்தப் பருவத்தில் எந்தக் காற்று வீசும், எங்கே தண்ணீர் பிடிக்கலாம், எந்த நீரிணைக்குள் எப்படி நுழைய வேண்டும் என்பதெல்லாம் அதில் போய்வந்தவர்கள் அறிந்துவைத்தது. என் திரையில் ராட்டர்டாம் வாசலுக்குப் போன சாலையைப் பார்த்திருக்காவிட்டால் இது எனக்குத் தோன்றியே இருக்காது.

மறுபடியும் 209

போன மாதம் ஒரு சனிக்கிழமை அந்த சேவ் ஃபைலைத் திறந்தேன். அதே மேப், அதே இரண்டு கறுப்புக் குறிகள். பன்னிரண்டு டர்ன் சும்மா ஆடினேன். பல்கலைக்கழக வேலையை நிறுத்தவில்லை. 221இல் வில்ஹெல்மினா வந்து கேட்டார், 'சரி' என்றேன். அப்புறம் அவர் தன் நாட்டில் எண்ணெய்க் கிணறு தோண்டும்வரை காத்திருந்தேன். அதற்கு நிறைய டர்ன் ஆனது. கண் அடிக்கடி வடக்கே இருந்த பெரிய நாட்டின் படைமேல் போய்க்கொண்டிருந்தது. அவர்கள் எல்லைக்குள் எண்ணெய் இருந்தது. பயம் போகவில்லை, அதை மறைப்பதில் அர்த்தமில்லை. இரண்டு முறை பீரங்கி செய்யும் பட்டியல்வரை போய்த் திரும்பிவந்தேன்.

கிணறு வந்த டர்னில் பேரம் பேசும் திரையைத் திறந்தேன். அவர் பக்கத்தில் எண்ணெய் இருந்தது. என் பக்கத்தில் கொஞ்சம் பொன்னையும், என்னிடம் தேவைக்கு மேல் இருந்த பட்டுத் துணியையும் வைத்தேன். உடனே ஒப்புக்கொண்டார். இரண்டு சொடுக்கு, அவ்வளவுதான்.

அந்த ஆட்டத்தை இன்னும் முடிக்கவில்லை. 268ஆவது டர்னில் நிற்கிறது. மேற்கே மதில் கிடையாது. நேற்று இரவு நிறுத்துவதற்கு முன் மேப்பைக் கிட்டத்தில் இழுத்துப் பார்த்தேன். மலையடிவாரத்துச் சாலையில் என்னுடைய வணிகர் ஒருவர் மேற்கே போய்க்கொண்டிருந்தார். ஆற்றுப் பாலத்துக்கு அந்தப் பக்கம் அவருடைய வணிகர் ஒருவர் எதிரே வந்துகொண்டிருந்தார். இரண்டு பேரும் கடந்துபோகட்டும் என்று இன்னும் ஒரு டர்ன் ஆடினேன்.